சத்தம் கேட்டால் கை தூக்கவும்

பஸ் ராசிபுரத்தைத் தாண்டி சேலம் ரோட்டில் வேகம் பிடித்த பிறகுதான் செங்கோட்டுவேலுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. இனிமேல் மில்லில் இருந்து எவரும் பின்னாலேயே ஓடிவந்து வேலு கொஞ்சம் நில்லு என்று கூப்பிட முடியாது, முதலாளியே காரை எடுத்துக்கொண்டு துரத்தினாலும் இந்த டிரைவரைப் பிடிக்க முடியாது, அந்தப் போக்குப் போகிறான். ஆனால் மூச்சு வந்த கையோடு அடிவயிற்றில் ஒரு சில்லிப்பும் வந்து உட்கார்ந்துகொண்டது. எதையோ விட்டுவிட்டு வந்திருக்கிறோம். என்ன அது? மடியில் இருந்த பையைத் திறந்து பார்த்தான். சர்டிபிகேட் இருக்கிறது, ஆதார் நகல் இருக்கிறது, போட்டோ இருக்கிறது, தண்ணீர் பாட்டில், சீப்பு, கழற்றிச் சுருட்டி வைத்த மில் உடுப்பு, எல்லாம் இருக்கிறது. பேண்ட் பாக்கெட்டுக்குள் கையை விட்டுத் தடவினான். சில்லறை, வண்டிச் சாவி, இயர்போன் ஒயர். வண்டியை ஸ்டாண்டில் விட்டு டோக்கன் வாங்கியாயிற்று. பின்னே என்ன? மில் பாத்ரூமில் அவசர அவசரமாக உடுப்பு மாற்றும்போது எதையாவது கீழே போட்டுவிட்டோமா? பழைய சட்டைப் பாக்கெட்டில் இருந்ததை ஒரே அள்ளாக அள்ளி இந்தப் பேண்டில் போட்டது ஞாபகம் இருக்கிறது, ஒன்றும் விழுந்த சத்தம் கேட்கவில்லை, கேட்கவில்லை என்பதற்காக விழவில்லை என்று ஆகிவிடுமா, இடது காதுதான் ஒரு வருசமாகப் பாதி அடைத்துக் கிடக்கிறதே. போகட்டும். பயம்தான். இத்தனை வருசத்துக்குப் பிறகு இன்னொருவரிடம் போய் வேலை கொடுங்கள் என்று நிற்கப்போகிற பயம், அதற்கு வேறு பேர் வைத்துக்கொண்டு வயிறு நாடகம் ஆடுகிறது.

ஜன்னல் காற்றில் வெள்ளைச் சட்டை படபடத்தது. பொண்டாட்டி ரேணுகா நேற்றே இஸ்திரி போட்டு, மில் துணியோடு பட்டுவிடக்கூடாது என்று தனிக் கவரில் மடித்துக் கொடுத்த சட்டை. அப்படியும் குனிந்து முகர்ந்தால் கருவாட்டு வாசம் லேசாக அடிக்கிறது. கோழித்தீவன மில்லில் வேலை செய்கிறவனுக்கு அந்த வாசம் சட்டையில் இல்லை, தோலில் இருக்கிறது, எத்தனை பவுடர் போட்டாலும் பவுடருக்கு மேலே வந்து நிற்கும். வேலை கொடுக்கப்போகிற அந்த மேடம் மூக்கைச் சுளித்தால்? காது கேட்காதவர்கள் வருகிற கடைதானே, மூக்கு இல்லாதவர்கள் வருகிற கடை இல்லையே என்று ரேணுகா காலையில் கேலி பேசினாள், பேசிவிட்டு அவளே இன்னொரு கை பவுடரை முதுகில் கொட்டினாள். அவளுக்கு மட்டும்தான் இந்தப் பயணம் தெரியும். அடுத்த ஷிப்ட்டுக்கு வருகிற சதாசிவம் மாமாவிடம் கல்யாணம் என்று சொல்லி அரை மணி நேரம் முன்னாடியே வந்து மாற்றிவிடச் சொல்லியிருந்தான். அவரும் வந்தார் பாவம், சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன் மாப்ள என்றார், வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டு யார் வீட்டுக் கல்யாணம், பொண்ணு எந்த ஊர், பந்தியில் என்ன போடுவாங்க என்று துளைத்தெடுத்தார். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க எத்தனை பொய். பொண்ணு ஆத்தூர் என்றான், மாப்பிள்ளை பேங்கில் வேலை என்றான், வாய் அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போயிற்று. கடைசியில் படி இறங்கும்போது மாமா வேறொன்று கேட்டார். அது கல்யாணத்தைப் பற்றி இல்லை. என்ன கேட்டார்? பதிலும் சொன்னோம். என்ன சொன்னோம்?

ஆச்சுங்க என்று சொல்லியிருப்போம். கொஞ்ச நாளாக மில்லில் எவர் எதைக் கேட்டாலும் அவனிடம் அந்த ஒரு பதில்தான் இருக்கிறது. சோயா எடை பார்த்தாச்சா, ஆச்சுங்க. சிப்பித்தூள் போட்டாச்சா, ஆச்சுங்க. சாப்பிட்டாச்சா, அதற்கும் ஆச்சுங்க. உண்மையில் ஆகியிருக்கும் என்பதுதான் வேடிக்கை, கை பழகிப்போய் எல்லாவற்றையும் செய்து முடித்துவிடுகிறது, ஆள்தான் அங்கே இல்லை. மிக்சர் பேனலில் பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான். பச்சையை அமுக்கினால் மேல்தளத்தில் ஒரு லாரி நீளத்துக்குப் படுத்திருக்கும் தொட்டிக்குள் இரும்புத் தகடுகள் சுற்றும், மக்காச்சோளமும் தவிடும் கருவாட்டுத்தூளும் ஒன்றாகும், சிவப்பை அமுக்கினால் நிற்கும். வந்த புதிதில் அந்தச் சத்தத்தை வைத்தே பேட்ச் பதம் வந்துவிட்டதா என்று சொல்லுவான், முதலாளி ஆளைக் கூட்டிவந்து காட்டுவார். எப்போது வெறுத்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சண்டை இல்லை, அவமானம் இல்லை, சம்பளத்தைக்கூட ஒழுங்காகத்தான் கொடுக்கிறார். ஒருநாள் பச்சையை அமுக்கிவிட்டு, அமுக்கினோமா இல்லையா என்று தெரியாமல் தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். மிக்சர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்குப் பயந்தான். வெளியே போய்விட வேண்டும் என்று அன்றைக்குத்தான் தீர்மானித்தான், இங்கேயே இருந்தால் என்றைக்காவது ஒருநாள் என்று நினைத்தான், என்றைக்காவது ஒருநாள் என்ன என்பதை நினைக்காமல் நிறுத்திக்கொண்டான்.

மாமனாருக்குக் காது மிஷின் வாங்கப் போனபோதுதான் அந்தக் கடையைப் பார்த்தான். கடை என்று சொன்னால் மேடத்துக்குப் பிடிக்காது, சென்டர். அதற்குள் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை, கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் ஒரு பொட்டு நுழையாது. மாமனாரை உட்காரவைத்து, காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் கை தூக்குங்க என்றார்கள். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கை தூக்கித் தூக்கி இறக்கினார். செங்கோட்டுவேலுக்கு அந்த அறையின் மேல் ஒரு ஆசை வந்துவிட்டது, பொண்டாட்டியிடம் சொன்னால் சிரிப்பாளே என்கிற மாதிரி ஆசை. அங்கே வேலை பார்த்த பையன் வெளிநாடு போகப்போகிறான் என்று தெரிந்ததும் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வகுப்புக்குப் போனான், மிஷின் கழற்றக் கற்றான், காதுக்கு அச்சு எடுக்கக் கற்றான். மீதியெல்லாம் போனில். பேனல் முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்கிற வலது காதில் இயர்போனை மாட்டிக்கொள்வான், நேர்முகத் தேர்வில் பேசுவது எப்படி என்று ஒரு பெண் தேன் தடவிய குரலில் சொல்லித்தருவாள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். ஏன் பழைய வேலையை விடுகிறீர்கள். நீங்கள் பொறுப்பாக நடந்துகொண்ட ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். இந்த மூன்றாவதுதான் அவனைப் படுத்தி எடுத்தது. பொறுப்பு என்று என்ன இருக்கிறது, பச்சை, சிவப்பு. அப்புறம் இன்றைக்குக் காலையில்தான் சட்டென்று பொறி தட்டியது. சாவியைச் சொல்லலாம்.

சாவி அந்த மில்லில் மட்டும் இருக்கிற வழக்கம். மருந்து கலந்த பேட்ச் ஓடி முடிந்தால் அடுத்த பேட்ச்சுக்கு முன்னால் தொட்டிக்குள் ஒருவன் இறங்கி, தகட்டில் ஒட்டிப் பிடித்ததையெல்லாம் சுரண்ட வேண்டும். முன்பு அப்படி இறங்கியிருந்தபோது எவனோ பச்சையை அமுக்க, ஒருவருக்குக் கால் போயிற்று. அதற்குப் பிறகு மூடியில் ஒரு சுவிட்ச் வைத்தார்கள், மூடி திறந்திருந்தால் மோட்டார் ஓடாது. அந்த சுவிட்ச் தூசி ஏறி அடிக்கடி மக்கர் பண்ணி வேலையை நிறுத்தியதால் எலக்ட்ரீசியன் ஒருநாள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஒயரை நேராகச் சேர்த்துவிட்டார், முதலாளியும் கண்டுகொள்ளவில்லை. மிஞ்சியது சாவிதான். உள்ளே இறங்குகிறவன் தன் வீட்டுச் சாவியைப் பேனல்காரன் கையில் கொடுத்துவிட்டு இறங்குவான். பேனல்காரன் அதைப் பொத்தானுக்கு மேலே இருக்கிற ஆணியில் மாட்டுவான். ஆணியில் சாவி தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது, தொங்காவிட்டால் இல்லை. வேறு சாமானாக இருந்தால் விட்டுவிட்டுப் போய்விடலாம், வீட்டுச் சாவி இல்லாமல் எவனும் வீட்டுக்குப் போகமாட்டான், கேட்டு வாங்கியே தீருவான், அதுதான் அதில் உள்ள சூட்சுமம். இதைச் சொன்னால் மேடம் அசந்துபோவார். செங்கோட்டுவேல் உதட்டை அசைக்காமல் சொல்லிப்பார்த்தான். ஒரு மனுசனோட உசுரைக் கையில வாங்கி வெச்சுக்கற வேலைங்க மேடம் என்னுது, இத்தனை வருசத்துல ஒரு தடவைகூடத் தவறுனதில்லீங்க. நன்றாக வந்தது. இன்னொரு தரம் சொன்னான். சொல்லும்போது வலது கை பாக்கெட்டுக்குள் இருந்தது, விரல் அந்த ஒயர் துண்டைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தது.

கோழி லாரி ஒன்று பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டது. அடுக்கடுக்காகக் கூண்டு, கூண்டுக் கம்பிக்கு வெளியே கழுத்துகள். பஸ்ஸும் லாரியும் ஒன்றையொன்று விடாமல் ஓடின, இறகு பறந்து வந்து அவன் சட்டையில் ஒட்டியது, எடுத்து வெளியே விட்டான், இன்னொன்று வந்தது. எல்லாம் நம்முடைய தீவனம் தின்று வளர்ந்ததாகத்தான் இருக்கும். ஒரு கோழி அவனையே பார்த்தது, பார்த்தது என்று நினைத்துக்கொண்டான், கோழிக்கு எங்கே ஆள் தெரியும். மாமா என்ன கேட்டார்? லோடு வந்துவிட்டதா என்றா? லோடு வந்தவுடனே மிக்சரைப் போடச்சொல்லி முதலாளி நிற்கிறார் என்று மாமாதான் சொன்னார், அது முன்னாடி. இது அதற்கு அப்புறம். படியில் கால் வைத்தபோது. சொல்லிப்போட்டு எதிரே மழையா வெயிலா என்று தெரியாமல் நடந்தோம். கிளம்பப்போகிற நேரத்தில் மில் பையன் மாதேசன்கூட ஏதோ சொன்னான். இயர்போனில் அந்தப் பெண் பொறுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது வந்து நின்று வாயை அசைத்தான், முகமெல்லாம் சிரிப்பு. பொண்டாட்டியை வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாகக் கிடக்கிறவன், சிரித்தால் அவளைப் பற்றித்தான் இருக்கும், டாக்டர் தேதி சொல்லியிருப்பார். காதில் இருப்பதைக் கழற்றி என்னடா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டுக் கையை நீட்டினோம். எதற்குக் கை நீட்டினோம்? லாரி பின்தங்கியது. கண்டக்டர் விசில் ஊதினார், கொண்டலாம்பட்டி இறங்கு என்று கத்தினார், அந்த நினைப்பு அதோடு அறுந்துபோனது.

சென்டர் மாடியில். படி ஏறும்போது இளைஞன் வேலைக்கு வருகிற கிழவன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான், நாற்பது ஆகவில்லை இன்னும். உள்ளே ஏசி. தனக்கு முன்னால் ஒரு பெரியவரும் அவர் மகளும் உட்கார்ந்திருந்தார்கள், மகள் எதைச் சொன்னாலும் பெரியவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார், காதில் விழாதது எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லியே காலத்தை ஓட்டியிருக்கிற மனுசர். செங்கோட்டுவேலுக்கு அவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். இந்நேரம் லோடு இறங்கியிருக்கும். மாமா பேனலில் உட்கார்ந்திருப்பார், முதலில் ஆணியைப் பார்ப்பார், அவர் பழைய ஆள், பார்க்காமல் பொத்தானைத் தொடமாட்டார், அந்த விசயத்தில் அவரை ஒன்றும் சொல்லமுடியாது. இது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஏன் இல்லை என்று யோசிப்பதற்குள் யமுனா மேடம் கதவைத் திறந்து உள்ளே வாங்க என்றார். ஐம்பது வயது இருக்கும், குரலை உயர்த்தத் தேவையில்லாதவர்களின் பேச்சு. மூக்கைச் சுளிக்கவில்லை. சர்டிபிகேட்டை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை, பொறுப்பு என்று கேட்கவில்லை, போனில் அந்தப் பெண் சொல்லித்தந்தது அத்தனையும் வீண். நேராகச் சொன்னார்.

"இங்க வேலைக்கு வர்றவங்க யாரா இருந்தாலும் முதல்ல நான் அவங்க காதைத்தான் பாப்பேன். உள்ள உக்காந்து பாத்தாத்தான் வர்றவங்க கஷ்டம் தெரியும். பாக்கெட்ல இருக்கறதெல்லாம் எடுத்து இந்தத் தட்டுல வெச்சிருங்க, சாவி, சில்லறை ஏதாவது குலுங்குனா டெஸ்ட் தப்பாயிரும்."

இடது காது மாட்டிக்கொள்ளப்போகிறது என்கிற கவலையில் பாக்கெட்டைப் பாராமலே காலி செய்தான். கை அள்ளியது, தட்டில் கொட்டியது, அதே ஒரே அள்ளு. போனையும் வைத்தான். அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தான், மேடம் காதில் மாட்டிவிட்டார், சத்தம் எவ்வளவு மெல்லிசாக இருந்தாலும் சரி, கேட்டால் கை தூக்குங்க என்றார், கனத்த கதவைச் சாத்தினார். ஆசைப்பட்ட அறை. இத்தனை நாளும் நினைத்து நினைத்துப் பார்த்த அமைதி. அது அமைதியாக இல்லை. முதலில் தன் ரத்தம் ஓடுகிற சத்தம், அப்புறம் இடது காதில் நிரந்தரமாகக் குடியிருக்கிற அந்த இரைச்சல், மிக்சர் விட்டுப்போன இரைச்சல். அதையும் தாண்டிக் கொஞ்சம் கொஞ்சமாக, கிணற்றுக்கு அடியில் இருந்து வருகிற மாதிரி, சதாசிவம் மாமாவின் குரல் மேலே வந்தது. படியில் கால் வைத்தபோது கேட்டது. அவர் தினமும் கேட்பது, வேலை மாற்றும்போது ஒவ்வொரு நாளும் கேட்பது, கேட்டுக் கேட்டுச் சொல்லாகவே இல்லாமல் போய்விட்டது. உள்ள ஆள் இருக்குதா மாப்ள? அவன் சொன்னது, இல்லீங்க மாமா, எல்லாம் ஆச்சு. கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே மேசை. மேசையில் தட்டு. தட்டில் சில்லறை, வண்டிச் சாவி, கறுப்பு இயர்போன். அதன் மேலேயே இன்னொரு சாவி, பூட்டுச் சாவி, சாவியின் காதில் சிவப்பு ஒயர் சுற்றியிருந்தது. எலக்ட்ரீசியன் கழற்றி எறிந்த சுவிட்ச்சில் இருந்து மாதேசன் வெட்டி எடுத்துக் கட்டிக்கொண்ட ஒயர். கிளம்புகிற நேரத்தில் அவன் சொன்னதும் இப்போது கேட்டது, தினமும் சிரித்துக்கொண்டே சொல்வதுதான். இந்தாங்ண்ணா சாவி, என் வீடு இனி உங்க கையிலீங்ண்ணா.

கை தானாக மேலே போனது. மேடம் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் திருப்தியாகத் தலையசைத்து எதையோ குறித்துக்கொண்டார். அவன் கத்தினான். அந்த அறை சத்தத்தை உள்ளேயும் விடாது, வெளியேயும் விடாது. மேடம் அடுத்ததை அமுக்கினார், மெல்லிசாக ஒரு கூவல் வலது காதில் கேட்டது, அவன் இரண்டு கையையும் தூக்கினான், அவர் ஒரு கை போதும் என்று சிரித்தபடி சைகை காட்டினார். எழுந்தான், காதில் இருந்த ஒயர் நாற்காலியோடு இழுத்தது, பிடுங்கி எறிந்துவிட்டுக் கதவைத் தள்ளினான். மேடம் ஏதோ கேட்டார். அவன் ஒரு கையில் சாவியையும் ஒரு கையில் போனையும் எடுத்தான், அவசரத்தில் வேறு பெயரை அமுக்கி, அதை வெட்டி, மறுபடி அமுக்கினான். மணி போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. எடுக்காமல் இருக்கட்டும், சோற்றுக்குப் போயிருக்கட்டும், லோடு வழியில் பஞ்சராகி நிற்கட்டும், கரண்ட் போயிருக்கட்டும், முருகா, ஊருக்கே கரண்ட் போயிருக்கட்டும்.

"சொல்லு மாப்ள, பந்தியெல்லாம் ஆச்சா?" என்றார் சதாசிவம். "சத்தமாப் பேசு, இங்க ஒண்ணும் கேக்கல." அவர் சொல்லவே வேண்டியதில்லை. அவர் குரலுக்குப் பின்னால் அது ஓடிக்கொண்டிருந்தது, பாதி செத்த காதுக்கும் தெரிகிற சத்தம், பதம் வந்த பேட்ச்சின் சத்தம்.

"எப்ப இருந்து மாமா ஓடுது?"

"நீ போன கையோட லோடு வந்துருச்சு. ரெண்டு பேட்ச் இறக்கியாச்சு, இது மூணாவது."

"மாதேசன் எங்கீங்க மாமா?"

"அவனைக் காணமே. சொல்லாமக் கொள்ளாம வீட்டுக்குப் போயிட்டானாட்ட இருக்குது. ஏன், அவங்கிட்ட எதும் சொல்லணுமா?"

நிறுத்துங்க மாமா என்றான். மாமாவுக்குக் கேட்கவில்லை, மறுபடி சொன்னான், நிறுத்துங்க, மிக்சரை நிறுத்துங்க. மாமா ஏன் எதற்கு என்று கேட்டார், அப்புறம் அவன் கத்திய கத்தலில் எதையும் கேட்காமல் எழுந்து போனார், நாற்காலி நகர்ந்தது. செங்கோட்டுவேல் சாவியை முறுக்கிப் பிடித்திருந்தான், ஒயர் உள்ளங்கையில் பதிந்தது. சுரண்டி முடித்துவிட்டு அவனாகவே மேலே ஏறி வந்திருப்பான், பேனலில் ஆள் இல்லாததைப் பார்த்திருப்பான், நான் போய்விட்டேன் என்று எவனோ சொல்லியிருப்பான், பொறுத்துப் பார்த்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போயிருப்பான். இப்போது பூட்டின கதவுக்கு முன்னால் வெயிலில் நின்றுகொண்டு என்னைக் கெட்ட கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருப்பான். திட்டட்டும். அம்மா அப்பாவை இழுத்துத் திட்டட்டும், நாளைக்கு மில்லில் பத்துப் பேர் பார்க்கச் செருப்பைக் கழற்றட்டும், நான் இந்த வேலையும் வேண்டாம் எந்த வேலையும் வேண்டாம் என்று அந்த மில்லிலேயே கிடந்து சாகிறேன். போனில் மிக்சர் ஒவ்வொரு சுற்றாகத் தணிந்தது, கடைசித் தகடு ஒருமுறை முனகிவிட்டு நின்றது. ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு சதாசிவம் மாமா வந்து போனை எடுத்தார்.

"நிறுத்திட்டேன் மாப்ள," என்றார். "இப்பச் சொல்லு, நல்லாக் கேக்குது."